இருபது எண்ணும் வரை

உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது மேடம். ஃபேன் காற்று நேராகக் கழுத்தில் படுகிற இடத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும். நாற்காலியைக் கொஞ்சம் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். நான் குரலை வைத்துப் பிழைத்தவள். யார் பேசினாலும் முதலில் தொண்டையைத்தான் கவனிப்பேன்.

வாக்குமூலம் என்றால் வரிசையாகவே சொல்கிறேன். நீங்கள் எழுதுகிற வேகத்துக்குச் சொன்னால் போதும் அல்லவா?

பெயர் அம்மிணி. வயது நாற்பத்தைந்து. வீடு பாறசாலை கழிந்து இஞ்சிவிளையில். வீட்டுக்காரர் சதாசிவனுக்கு அம்பூரியில் இரண்டு ஏக்கர் ரப்பர் உண்டு. வாரத்தில் ஐந்து நாள் அவர் அங்கேதான் இருப்பார். வீட்டில் நானும் மகள் ஸ்வப்னாவும் மட்டும். ஸ்வப்னாவுக்கு இப்போது இருபது ஆகிறது.

இருபத்திரண்டு வருஷம் கானமேளா டிரூப்பில் பாடினேன். கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், எங்கே கூப்பிட்டாலும் போவோம். நான் கோரஸ். பின்னால் மூன்று பெண்கள் நிற்போம், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மைக். ஒரு தடவை பெருங்கடவிளையில் முன்னால் பாடுகிற பெண் வர நேரமாகிவிட்டது. நான் பாடுகிறேன் என்றேன். ஒரு பாட்டு பாடினேன். அது முடிந்ததும் டிரூப் முதலாளி வந்து, "அம்மிணி நீ பின்னால போ, அவ வாறது வரை கீபோர்டு மட்டும் வாசிக்கட்டும்" என்றார். சரியான முடிவுதான். ஜனங்கள் கலைய ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கேட்டதால் சொல்கிறேன்.

போன வருஷம், தொண்ணூற்றெட்டில், திருவனந்தபுரத்துச் சேனல் ஒன்றில் அந்தப் போட்டியை அறிவித்தார்கள். ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பாட்டுக் குழு அமைக்கப் போகிறார்களாம். ஒரே மாதிரி உடுப்பு, பாடிக்கொண்டே ஆட்டம், ஒரு கேசட், வளைகுடா நாடுகளில் மேடை. 'பஞ்சமி' என்று பெயரை முதலிலேயே வைத்துவிட்டுப் பிறகுதான் பெண்களைத் தேடினார்கள். கேபிள் கனெக்‌ஷன் இருந்த வீடுகளில் எல்லாம் அந்த நான்கு மாதமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேறு பேச்சே கிடையாது.

முதல் சுற்று நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நானூறு பெண்கள் வந்திருந்தார்கள். ஸ்வப்னாவுக்கு எண்பத்தாறாம் நம்பர். எண்பத்தேழாம் நம்பர் ஜினி.

கோட்டுகால் பக்கத்துக் கடற்கரைப் பெண். அம்மை குளோரி செத்து நாலு வருஷம். அப்பன் ததேயூஸ் விடியற்காலை வலை இழுத்துவிட்டு நேராக மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கைலியின் விளிம்பு அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது. உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார். ஜினி யாருடைய சுரிதாரையோ இரவல் வாங்கிப் போட்டிருந்தாள், தோள் இறங்கிக் கிடந்தது. மேடையேறி, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நடுவர்களில் ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார், யார் பாடினாலும் தலை நிமிர மாட்டார். அவர் பேனாவை மூடிவைத்தார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு வாரமாகக் கழித்துக் கழித்து, மே மாதம் வரும்போது ஆறு பேர் மிச்சம். அதில் எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர். நான்கு பெண்கள் உறுதி, ஐந்தாவது இடம் ஸ்வப்னாவுக்கா ஜினிக்கா என்பதுதான் கேள்வி என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

சேனலில் ஆறு பேரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஸ்வப்னாவுக்கு ஜினி ஜோடி. நான்தான் ததேயூஸிடம் போய்ப் பேசினேன். "உங்க வீட்டுல படுக்கதும் பொங்குததும் ஒத்த முறியில, சுற்றிலும் சத்தம். பிள்ளை ஒரு மாசம் எங்க வீட்டுல நிக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவர் கையைக் கூப்பினார். ஊரிலும் என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார்கள். மகளோடு போட்டி போடுகிற பிள்ளையை வீட்டில் வைத்துச் சோறு போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

என் கட்டிலை ஜினிக்குக் கொடுத்துவிட்டு நான் பாயில் படுத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். உடுப்பில் தோளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அவள் என்னை மாமி என்று கூப்பிடுவாள். ஸ்வப்னாவும் அவளும் ஒரே பாயில் கிடந்து கேசட் கேட்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேரும் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஜினி தனியாகப் பாடவேண்டிய இடம் வந்தது. வெளியே ரோட்டில் ஒரு ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். பக்கத்து வீட்டுச் செல்லபாய் கிணற்றடியில் வாளியைப் பாதியில் பிடித்தபடி நின்றாள். ஸ்வப்னா தன் பகுதியைப் பாடாமல் விட்டுவிட்டுச் சிரித்தாள். "அம்மா, பாத்தியா, எனக்கு மேலெல்லாம் புல்லரிக்குது" என்று கையை நீட்டிக் காட்டினாள். சந்தோஷமாகத்தான் காட்டினாள். அவளுக்கு விவரம் போதாது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

குழுப் பாட்டு என்றால் என்ன மேடம்? ஐந்து குரலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் எழும்பினால் மற்ற நாலும் வெறும் சத்தம். நான் இருபத்திரண்டு வருஷம் பின்னால் நின்றவள், எனக்குத் தெரியும். இதை நான் உண்ணி சாரிடம் சொன்னேன். உண்ணி சார்தான் சேனலில் அந்த நிகழ்ச்சியை நடத்துகிறவர். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

இப்போது கொப்பளிக்கிற விஷயம். டிரூப்பில் நாங்கள் எல்லாரும் செய்வதுதான். வெந்நீரில் உப்பு, இஞ்சிச்சாறு, மிளகு, கொஞ்சம் வினிகர். புளித்து எரியும். வாயில் ஊற்றி, தலையை அண்ணாந்து, இருபது எண்ணும் வரை தொண்டையில் நிறுத்திக் கொப்பளிக்க வேண்டும். வாய்க்குள் தண்ணீர் இருக்கும்போது அவர்களால் எண்ண முடியாது, அதனால் நான் எண்ணுவேன். தினமும் காலை ஆறரைக்கு, பின்வாசலில். ஸ்வப்னா பத்திலேயே துப்பிவிடுவாள். ஜினி துப்ப மாட்டாள். முதல் நாள் கண்ணில் தண்ணீர் வழிய, "எரியுது மாமி" என்றாள்.

"எரியட்டும் மக்கா. எரிஞ்சாத்தான் தெளியும்" என்றேன்.

பிறகு அவள் அதைச் சொல்லவே இல்லை. நானும் நாளுக்கு நாள் காரத்தையும் புளிப்பையும் கூட்டிக்கொண்டே வந்தேன். எதற்காகக் கூட்டினேன் என்று கேட்கிறீர்கள். பழகட்டும் என்றுதான்.

ரப்பர் பாலை உறைய வைக்க ஒரு ஆசிட் உண்டு. அம்பூரியில் எல்லா வீட்டிலும் இருக்கும். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிற ராஜையா நெய்யாற்றின்கரையில் அதை வாங்கி, மலைக்குப் போகிற வரை எங்கள் வீட்டுப் பின்பக்கத்துச் சாய்ப்பில் வைப்பான். ஒழுங்கான ஆள். குழந்தைகள் கை படாத இடமாகப் பார்த்து மேல்தட்டில்தான் வைப்பான். ஒரு தடவை அது அவன் கையில் தெறித்து, தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை கடைசிப் படப்பிடிப்பு. புதன்கிழமை காலை ஸ்வப்னாவைப் பால் வாங்க அனுப்பினேன். ஜினி பின்வாசலில் வந்து நின்றாள். டம்ளரை நான்தான் கொடுத்தேன். மூன்று நாள் தொண்டை அடைத்தால் போதும் என்பதுதான் என் எண்ணம். யாரையும் கொல்லவேண்டும் என்று நினைக்கிற ஆள் இல்லை நான்.

அவள் அண்ணாந்தாள். நான் எண்ணினேன். மூன்றில் அவள் கண் விரிந்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி, நாலு, ஐந்து என்று எண்ணினேன். நான் எண்ணுகிற வரை அவள் துப்ப மாட்டாள், அப்படிப் பழகியிருந்தாள். பதினொன்றில் முட்டு மடங்கி விழுந்தாள். அப்போது கொஞ்சம் உள்ளே இறங்கிவிட்டது. "துப்பு மக்கா, துப்பு" என்று நான்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்டோவில் என் மடியில்தான் கிடந்தாள். என் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து விரலை விலக்கவேண்டியிருந்தது. நெய்யாற்றின்கரையில் பார்க்க முடியாது என்று திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். பிழைத்தாள். தொண்டை வெந்துபோய், பிறகு சுருங்கிப்போய், குரல் திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பேசினால் காற்றுதான் வருகிறது. பக்கத்தில் காதை வைத்தால் புரியும்.

ஆறாம் நாள் நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன். "மக்கா, சாய்ப்புல இருந்த குப்பி எப்படியோ அடுக்களைக்கு வந்துட்டு. எனக்கும் கண்ணு தெரியாமப் போச்சு. போலீஸுகிட்ட நான் தந்தேன்னு நீ எழுதினா, என்னைக் கொண்டு போயிருவாங்க. ஸ்வப்னாவையும் சேனல்ல இருந்து வெலக்கிருவாங்க. நீயா எடுத்து ஊத்தினதா எழுது, என்ன?" அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். சிலேட்டில், 'ஸ்வப்னா பாடணும்' என்று எழுதிக் காட்டினாள். போலீஸ்காரர் வந்தபோது நான் சொன்னபடியே எழுதிக் கொடுத்தாள். நல்ல பிள்ளை என்று நான் எப்போதும் சொல்வேன்.

ஊர் அப்படி லேசில் விடாது. கடற்கரைப் பெண் ஆசிட் குடித்தாள் என்றால் முதல் சந்தேகம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். செல்லபாய் வந்து என் காதோரம் குனிந்து, "அவளுக்கு ஏதாவது பயலும் உண்டாக்கும்?" என்று கேட்டாள். "எனக்கென்ன தெரியும் செல்லபாய். அடுத்தவங்க பிள்ளையைப் பற்றி நான் எப்படிச் சொல்ல?" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. மறுநாள் சந்தையில் அந்தப் பயலுக்கு ஊரும் பெயரும்கூட வைத்துவிட்டார்கள்.

அது ஓய்ந்ததும் சந்தேகம் ராஜையாவின் மேல் திரும்பியது. ஆசிட் குப்பி அடுக்களைக்கு எப்படி வந்தது என்று போலீஸில் கேட்டார்கள். "ராஜையாதான் கொண்டுவந்து வைப்பான்" என்றேன். அது உண்மைதான், எங்கே வைப்பான் என்று அவர்கள் கேட்கவில்லை. நாலு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். வெளியே வந்தவனைப் பெருங்கடவிளைச் சந்தையில் யாரோ வழிமறித்து அடித்ததில் கால் எலும்பு முறிந்தது. "நான் சாய்ப்புலதான் வச்சேன், மேல்தட்டுல வச்சேன்" என்று கண்டவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவரும் நம்பவில்லை. ஒரு மாதம் கழிந்து கம்பு ஊன்றிக்கொண்டு என் வீட்டு முற்றத்துக்கு வந்தான்.

"அக்கா, எனக்கு ஓர்மை சரியா இல்ல. அண்ணைக்கு மழைக்கோளு. ஒருவேளை நான் அடுக்களைத் திண்டுல வச்சிருப்பேனோ? வச்சிருந்தா என்னை மன்னிக்கணும் அக்கா" என்று சொல்லி அழுதான்.

நான் அவனை மன்னித்தேன். ஒரு சட்டி கஞ்சியும் கொடுத்து அனுப்பினேன்.

ததேயூஸ் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓலைப்பெட்டியில் மீன் கொண்டுவருவார். மகளை மடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நன்றிக்கு. ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு வந்தவர், பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார்.

"அம்மிணி, ஒரு காரியம் கேக்கட்டா?"

"கேளுங்க."

"எனக்க பிள்ளை கடற்கரையில வளந்தவ. ரப்பர் ஆசிட்டுக்க மணம் அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே. நீங்க பக்கத்துல நிண்ணு எண்ணினியன்னு அவ எழுதிக் காட்டினா. மணம் வரல்லியா?"

"எனக்கு அண்ணைக்கு ஜலதோஷம்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடலில் வானத்தைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பிறகு மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்கப்புறம் வரவில்லை. அந்த வாரத்திலிருந்து செல்லபாயும் கிணற்றடியில் என்னைக் கண்டால் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தாள். வீட்டுக்காரர்கூட அம்பூரியிலிருந்து வந்தால் தன் காப்பியைத் தானே போட்டுக் குடித்தார்.

ஸ்வப்னா குழுவில் சேர்ந்தாள். ஜினியின் இடத்துக்கு, வெளியே போகவேண்டியிருந்த ஆறாவது பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். கேசட் வந்தது. மேடையில் ஐந்து பேரும் நீல உடுப்பில் நின்று பாடினார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். ஒரு குரலும் எழும்பவில்லை. ஐந்தும் ஒரே உயரம். நன்றாக இருந்தது. ஜனங்கள் பாதியில் எழுந்து போனது இடத்தின் கோளாறு, நாற்காலிகளை வெயிலில் போட்டிருந்தார்கள்.

இந்த ஜனவரியில் ஒரு மத்தியானம் ஸ்வப்னா கோட்டுகாலுக்குப் போய் ஜினியைப் பார்த்துவிட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றாள்.

"அம்மா, அண்ணைக்கு என்னைப் பாலு வாங்க விட்டியே."

"ஆமா."

"நான் வாங்கிட்டு வரும்போ அடுப்புல பாலு காஞ்சிட்டு இருந்துது. பால்காரி அதுக்கு முன்னமே வந்துட்டுப் போயாச்சு. பின்ன எதுக்கு என்னை அனுப்பினே?"

கூடுதலாக வேண்டியிருந்தது என்றேன். பாயசத்துக்கு என்றேன். என்ன விசேஷத்துக்குப் பாயசம் என்று அவள் கேட்கவில்லை. அங்கேயே நின்று என் கையைப் பார்த்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கையை. பிறகு பையை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அவள் உங்களிடம் வந்தாள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இவ்வளவுதான் மேடம். ஒரு இடம், இரண்டு பிள்ளைகள். எந்தத் தாயும் என் இடத்தில் நின்று பார்த்தால் கொஞ்சமாவது புரியும்.

அது என்ன காகிதம்? உண்ணி சார் எழுதித் தந்ததா?

அவர் போன் செய்தது உண்மைதான். அந்தப் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். "சேச்சி, ரெண்டு பேரும் குழுவுல உண்டு கேட்டோ. ஜினி நடுவுல நிண்ணு பாடும். சனியாழ்ச்ச வரை பிள்ளைகளோட பறைய வேண்டா" என்றார். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் காமெரா முன்னால் பிள்ளைகளுக்கு அழுகை வராதாம். நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். ஸ்வப்னாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, அதற்கு ஜினியால் ஒரு குறையும் வரப்போவதில்லை என்று தெரியும். புதன்கிழமை காலை ஜினிக்குக் கொடுத்த தண்ணீரில் ஆசிட்டை நான்தான் கலந்தேன். கை தவறிக் கலக்கவில்லை. ராஜையாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை, குப்பியை மேல்தட்டிலிருந்து நாற்காலி போட்டு ஏறி நான்தான் எடுத்தேன்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும்? இங்கேயா?

இந்தக் 'காரணம்' என்கிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்களே மேடம். ஸ்வப்னா குழுவை விட்டுவிட்டாள், இனிமேல் பாடவே மாட்டேன் என்கிறாள், என்னைப் பார்க்கவும் வரமாட்டாள் என்று சொன்னீர்கள். சின்னப் பிள்ளை, வீம்பு. நாளைக்கு அவளுக்கே ஒரு மகள் பிறக்கும்போது புரியும். அந்த இடத்தில், மகளுக்காகச் செய்தேன் என்று எழுதுங்கள். எழுதின பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.